பன்றி தின்ற மக்காச்சோளத்துக்கு யார் பொறுப்பு?

2023 ஜூலை மாதம், பெர்லின் நகரத்தை ஒட்டியுள்ள கிளைன்மாக்னோ என்ற ஊரில் ஒரு பெண் சிங்கம் சுற்றுவதாக ஒரு வீடியோ பரவியது. போலீஸ் வந்தது, ஹெலிகாப்டர் வந்தது, கால்நடை மருத்துவர்களும் வேட்டைக்காரர்களும் வந்தார்கள். மக்கள் வெளியே வர வேண்டாம் என்று எச்சரிக்கை விட்டார்கள். ஒரு நாளுக்கு மேல் தேடிய பிறகு, வீடியோவை நிபுணர்கள் நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்ன பதில்: சிங்கம் இல்லீங்க, பெரும்பாலும் அது ஒரு காட்டுப்பன்றி.

உலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் ஜெர்மனியில் கிராமப்புறம் பக்கம் கொஞ்சம் வண்டி ஓட்டிக்கொண்டு போனால், காட்டுப்பன்றி என்ற பேச்சை எடுத்தால் சிரிக்காத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ஒரே ராத்திரியில் புல்வெளியை டிராக்டர் ஓட்டியது மாதிரி உழுது போட்டுவிட்டுப் போகும். மக்காச்சோளம் விதைத்த வாரத்தில் வந்தால், விதைத்த வரிசையிலேயே மூக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு விதையாகத் தோண்டித் தின்னும். கதிரில் பால் பிடிக்கும் நேரத்தில் வந்தால், தட்டையைச் சாய்த்துப் போட்டு, தின்றது கால்வாசி, மிதித்தது முக்கால்வாசி என்று ஆக்கிவிடும்.

இதையெல்லாம் நான் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை. போன கார்த்திகையில் ஊரிலிருந்து மாமா போன் செய்தார். "மாப்ளே, ரெண்டு ஏக்கர்ல பாதிய சாய்ச்சிட்டுப் போயிருச்சு பன்னி. இன்னும் இருபது நாள் விட்டிருந்தா அறுத்திருப்பேன்" என்றார். அவர் போட்டோ எடுத்தார், மனு எழுதினார், ஒரு அலுவலகத்துக்குப் போனார். அங்கே இன்னொரு அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே போனால் பழைய அலுவலகத்தில் ஒரு கையெழுத்து வேண்டும் என்றார்கள். மூன்றாவது தடவை பஸ் ஏறுவதற்குள் அறுவடையே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எதைக் காட்டி நஷ்டம் கேட்பது?

அடுத்த வாரம் அலுவலகத்தில் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பக்கத்து மேஜைக்காரர் ஒரு ஜெர்மன்காரர், வேட்டை உரிமம் வைத்திருப்பவர், சனி ஞாயிறு ஆனால் காட்டு ஓரத்தில் மரப் பரணில் போய் உட்கார்ந்துகொள்வார். அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் ஊரில் அந்த நிலத்தில் வேட்டை உரிமை யாரிடம் இருக்கிறது? அவர்தானே பணம் கொடுக்க வேண்டும்?"

எனக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. அந்தக் கேள்விக்குள் ஒரு முழு ஏற்பாடே இருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது.

உரிமையும் கடனும் ஒரே கையில்

ஜெர்மன் சிவில் சட்டப்படி, காட்டில் சுதந்திரமாகத் திரியும் விலங்கு யாருக்கும் சொந்தமில்லை. அரசாங்கத்துக்கும் இல்லை, நிலத்துக்காரருக்கும் இல்லை. ஆனால் அதை வேட்டையாடும் உரிமை நிலத்தோடு சேர்ந்தது. சின்னச் சின்ன நிலம் வைத்திருப்பவர்கள் தனித்தனியாக வேட்டையாட முடியாது. ஒரு ஊரில் உள்ள நிலத்துக்காரர்கள் எல்லாரும் சட்டப்படியே ஒரு சங்கத்தில் உறுப்பினர்கள். சாதாரணமாகக் குறைந்தது 150 ஹெக்டேர் சேர்ந்தால்தான் அது ஒரு வேட்டைப் பகுதி. அந்தச் சங்கம் வேட்டை உரிமையைப் பயிற்சி பெற்று உரிமம் வாங்கிய ஒருவருக்குக் குத்தகைக்கு விடும். குத்தகைப் பணம் நிலத்துக்காரர்களுக்குப் போகும்.

இதுவரைக்கும் ஏதோ பணக்காரர் பொழுதுபோக்கு மாதிரித்தான் தெரியும். முக்கியமான விஷயம் அடுத்தது. காட்டுப்பன்றியோ மானோ பயிரை அழித்தால், அந்தச் சங்கம் விவசாயிக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று கூட்டாட்சி வேட்டைச் சட்டத்தின் 29-வது பிரிவு சொல்கிறது. பெரும்பாலும் குத்தகை ஒப்பந்தத்திலேயே அந்தச் சுமை வேட்டைக்காரர் தலைக்கு மாற்றப்பட்டுவிடும். அதாவது, பன்றியைச் சுடும் உரிமை யாரிடம் இருக்கிறதோ, பன்றி தின்றதற்கான பில்லும் அவரிடமே போகும்.

விவசாயிக்கும் கடமை இருக்கிறது. சேதம் தெரிந்த ஒரு வாரத்துக்குள் ஊராட்சி அலுவலகத்தில் சொல்லியாக வேண்டும். தவறவிட்டால் உரிமை போய்விடும். சொன்ன பிறகு இரண்டு தரப்பும் வயலிலேயே நின்று பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். ஒத்துவரவில்லை என்றால் சேதத்தை மதிப்பிடத் தெரிந்த ஒருவர் வந்து அளப்பார். அதிலும் தீரவில்லை என்றால் நீதிமன்றம். திராட்சைத் தோட்டம், பழத்தோட்டம் போன்ற விலை உயர்ந்த சாகுபடி என்றால், வழக்கமான வேலி போட்டிருந்தால்தான் நஷ்டஈடு. வேலியே போடாமல் பணம் மட்டும் கேட்க முடியாது.

கணினித் துறையில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு புகார் டிக்கெட் யார் பெயரிலும் இல்லை என்றால் அது சாகும் வரை திறந்தே கிடக்கும். இங்கே டிக்கெட்டுக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு கெடு இருக்கிறது. மாமாவுடைய டிக்கெட்டுக்கு இரண்டும் இல்லை.

சொர்க்கம் இல்லை

உடனே "பார்த்தீங்களா, வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். இந்த ஏற்பாட்டிலும் ஓட்டைகள் இருக்கின்றன.

நகரத்துக்குள், வீட்டுத் தோட்டங்களில் வேட்டை கிடையாது, அதனால் நஷ்டஈடும் கிடையாது. பெர்லினில் புல்தரையைப் பன்றி தோண்டிப் போட்டால், வீட்டுக்காரர் தன் காசில்தான் சரிசெய்துகொள்ள வேண்டும். மக்காச்சோளம் அதிகமாகப் போடும் ஊர்களில் நஷ்டஈட்டுப் பில் பெரிதாக வரும் என்று பயந்து, குத்தகைக்கு வரவே வேட்டைக்காரர்கள் யோசிக்கிறார்கள். "இவ்வளவுக்கு மேல் தர மாட்டேன்" என்று ஒப்பந்தத்தில் வரம்பு போடுபவர்களும் உண்டு.

அந்த மக்காச்சோளம் எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு கதை. 2000-ல் வந்த புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்துக்குப் பிறகு, சாண எரிவாயுக் கூடங்கள் மாதிரி பெரிய உயிர்வாயுக் கூடங்கள் நாடு முழுக்க வந்தன. அவற்றுக்குத் தீனி மக்காச்சோளம். ஏற்கெனவே மாட்டுத் தீவனத்துக்குப் போட்டது போக, இதற்காகவும் பரப்பு கூடியது. காட்டுப்பன்றிக்கு இது எப்படி இருக்கும்? கோடை முழுக்கத் தலைக்கு மேல் மறைவு, தலைக்கு நேரே சாப்பாடு. போதாததற்குக் குளிர்காலம் மிதமாகிக்கொண்டே போகிறது, முன்பெல்லாம் உறைபனியில் சாகும் குட்டிகள் இப்போது பிழைக்கின்றன. ஓக், பீச் மரங்கள் அடிக்கடி நிறையக் காய்க்கின்றன. தீனி நன்றாக இருந்தால் பெண் பன்றி ஒரு வயது முடிவதற்குள்ளேயே சினைப்பிடிக்கிறது.

நம்ம பக்கமும் கதை ரொம்ப வேறு இல்லை. பெரம்பலூர் மாதிரியான மானாவாரி மாவட்டங்களில் மக்காச்சோளம் பெரிய பயிராக வளர்ந்தது கோழித் தீவனத் தேவையால். சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கும் ஏரியும் ஓடையும் பன்றிக்குப் பகல் நேர வீடு. "காட்டை அழிச்சோம், அதனால பன்றி ஊருக்குள்ள வந்துருச்சு" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பல இடங்களில் பன்றி காட்டிலிருந்து வரவே இல்லை. நம் வயலுக்குப் பக்கத்திலேயே பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே குட்டி போடுகிறது.

சுட்டால் தீருமா?

ஊரில் யாரைக் கேட்டாலும், "சுட விட்டால் ஒரே வருஷத்தில் தீர்ந்துவிடும்" என்பார்கள். அதற்கான பதில் ஜெர்மனியின் கணக்கில் இருக்கிறது.

2017-18 வேட்டை ஆண்டில் இந்த நாட்டில் சுடப்பட்ட காட்டுப்பன்றிகள் ஏறக்குறைய 8 லட்சத்து 36 ஆயிரம். அடுத்த ஆண்டு அது சுமார் 6 லட்சமாக இறங்கியது, "சரி, குறைந்துவிட்டது" என்று நினைத்தார்கள். 2019-20-ல் மீண்டும் 8 லட்சத்து 80 ஆயிரத்தைத் தாண்டியது. வேட்டை உரிமம் வைத்திருப்பவர்கள் 4 லட்சத்துக்கும் மேல், நல்ல துப்பாக்கி, பயிற்சி, பல மாநிலங்களில் இரவில் பார்க்கும் கருவிக்கும் அனுமதி. இவ்வளவு இருந்தும் பன்றி இன்னும் இருக்கிறது.

காரணம் எளிது. நல்ல வருஷத்தில் ஒரு கூட்டம் தன் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு, அதற்கு மேலும் குட்டிகளைச் சேர்க்கும். அந்தச் சேர்க்கை அளவுக்குச் சுட்டால் எண்ணிக்கை அப்படியே நிற்கும், அவ்வளவுதான். வருஷத்துக்குப் பத்தோ இருபதோ சுட்டுப் பத்திரிகைக்குப் போட்டோ கொடுப்பது எண்ணிக்கையில் எதையும் மாற்றாது. வேட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேட்டையால் மட்டும் தீரும் என்று விவசாயிக்கு நம்பிக்கை கொடுப்பது நியாயமில்லை என்கிறேன்.

அதற்குமேல் இப்போது நோய் வேறு. 2020 செப்டம்பர் 10 அன்று, போலந்து எல்லையை ஒட்டிய பிராண்டன்பர்க்கில் ஒரு செத்த காட்டுப்பன்றியிடம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. மனிதருக்கு ஒன்றும் செய்யாத வைரஸ். ஆனால் பன்றி இனத்துக்கு மரண ஓலை. சீனா உடனே ஜெர்மன் பன்றி இறைச்சியை வாங்குவதை நிறுத்தியது. எல்லையில் கிலோமீட்டர் கணக்கில் வேலி போட்டார்கள். இருந்தும் 2024 ஜூனில் ஹெஸ்ஸன் மாநிலத்திலும், 2025 ஜூனில் வடக்கு ரைன்-வெஸ்ட்பாலியாவிலும் நோய் தலைகாட்டியது. பன்றி இவ்வளவு தூரம் நடந்து போயிருக்காது. மனிதர்கள் கொண்டுபோன இறைச்சித் துண்டோ அழுக்குப் பூட்ஸோ போதும் என்கிறார்கள்.

ஆனால் பக்கத்திலேயே ஜெயித்தவர்களும் உண்டு. செக் குடியரசு 2017-ல் ஸ்லீன் பகுதியில் வந்த நோயை அங்கேயே அமுக்கியது. பெல்ஜியம் 2018-ல் வந்ததை 2020 முடிவதற்குள் ஒழித்தது. அவர்கள் செய்தது, முதலில் நோய்ப் பகுதியை வேலி போட்டுப் பிரித்தது, உள்ளே ஆள் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியது, செத்த பன்றிகளை ஒன்றுவிடாமல் தேடி எடுத்தது, பிறகுதான் ஒழுங்காகத் திட்டம் போட்டுச் சுட்டது. பயிர்ச் சேதத்துக்கும் இந்த வரிசை பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

நம்ம சட்டம் எங்கே நிற்கிறது?

1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு. அனுமதி இல்லாமல் கொன்றால் ஜெயில். கொல்லப்பட்டால் அதன் உடல் அரசாங்கத்தின் சொத்து. உயிரோடு இருக்கும்போது தின்ற சோளம் மட்டும் விவசாயியின் சொந்த நஷ்டம்.

கேரளா 2022-ல் ஒரு வழி எடுத்தது. உள்ளாட்சித் தலைவர்களுக்கே கௌரவ வனவிலங்குக் காப்பாளர் அதிகாரம் கொடுத்து, துப்பாக்கி உரிமம் உள்ளவர்களை வைத்துச் சுட அனுமதித்தது. காட்டுப்பன்றியைத் தீங்குயிர் என்று அறிவிக்கச் சொல்லிக் கேரளா கேட்டதை மத்திய அரசு ஏற்கவில்லை.

தமிழ்நாடு 2025 ஜனவரியில் ஒரு முடிவை அறிவித்தது. அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டமன்றத்தில் சொன்னது இதுதான்: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடுவார்கள். 3 கிலோமீட்டருக்கு மேல் என்றால், ஊர் மட்டக் குழுவின் வழியாக, பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டும் சுடலாம். விவசாயி சுடக்கூடாது.

விவசாயி கையில் துப்பாக்கி கொடுக்காதது சரி என்பதே என் கருத்து. ராத்திரி இருட்டில், பக்கத்து வயலில் ஆள் படுத்திருக்கும் ஊரில், அது பெரிய ஆபத்து. ஆனால் அதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. சுடும் உரிமையை முழுக்க அரசு வைத்துக்கொண்டால், சுடாமல் விட்டதால் வரும் நஷ்டத்தையும் முழுக்க அரசுதானே ஏற்க வேண்டும்? ஜெர்மன் வேட்டைக்காரருக்கு இருக்கும் அந்தப் பில் இங்கே எந்த அதிகாரியின் மேஜைக்கும் போவதில்லை. அதனால் அவசரமும் யாருக்கும் இல்லை.

2025 நவம்பரில் மத்திய அரசு ஒரு நல்ல அறிவிப்பு வெளியிட்டது. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், 2026 காரிஃப் பருவம் முதல் வனவிலங்குச் சேதத்தையும் கூடுதல் காப்பாகச் சேர்க்கலாம். சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள், இடக்குறியீட்டோடு போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும். எந்த விலங்கு, எந்தப் பகுதி என்ற பட்டியலை மாநில அரசு அறிவிக்க வேண்டும்.

கெடு வந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் கெடு விவசாயிக்கு மட்டும்தான் கண்ணில் படுகிறது. 72 மணி நேரத்துக்குள் மாமா போட்டோ ஏற்ற வேண்டும் என்றால், எத்தனை நாளுக்குள் ஒருவர் வயலுக்கு வந்து அளக்க வேண்டும் என்பதும் அதே கண்டிப்போடு இருக்க வேண்டும். ஆப் செய்து பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஆப்பில் புகாரை வாங்குவது ரொம்ப சுலபம். அதற்குப் பின்னால் வேலை செய்ய ஆள் வைப்பதுதான் கஷ்டம். வாய்மொழிக் குத்தகையில் உழுபவர்கள் பாடு இன்னும் மோசம். பட்டா வேறொருவர் பெயரில், நஷ்டம் இவர் தலையில்.

கைவிடப்பட்டவன் போடும் வேலி

பதில் வராத விவசாயி சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டுவார். சலூனிலிருந்து முடி வாங்கி வந்து தூவுவார். பட்டாசு வெடிப்பார். பன்றி ஒரு வாரம் பயப்படும், பிறகு பழகிவிடும். அதற்கு அடுத்துத்தான் ஆபத்தான வேலை ஆரம்பிக்கிறது. கம்பத்திலிருந்து நேராக மின்சாரத்தை இழுத்துக் கம்பியில் விடுவது, பழத்துக்குள் அவுட்டுக்காய் வைப்பது.

2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில் இப்படியான திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றதை எல்லாரும் டிவியில் பார்த்தோம். யானை செத்தால் செய்தி. அதே மாதிரிக் கம்பியில் ராத்திரி தண்ணீர் கட்டப் போன பக்கத்து வயல்காரர் செத்தால், உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரி.

ஜெர்மனியிலும் விவசாயிகள் மின்வேலிதான் போடுகிறார்கள். ஆனால் அது வேறு சாதனம். பேட்டரி அல்லது சூரியசக்திப் பெட்டி ஒன்று, ஒரு நொடிக்கு ஒரு முறை மாதிரி, கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டும் ஒரு அதிர்வை அனுப்பும். பன்றியின் மூக்கு உயரத்துக்கு இரண்டு கம்பி போதும். சுரீரென்று வலிக்கும், உயிர் போகாது. கம்பத்திலிருந்து நேராக இழுத்தால் மின்சாரம் இடைவிடாமல் ஓடும். தொட்டவர் கையை எடுக்கவே முடியாது, அதனால்தான் சாவு. தமிழ்நாட்டிலும் 2023-ல் மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்துவிட்டன. விதி இருக்கிறது. முறையான பெட்டி வாங்கப் பணமும், கம்பிக்கு அடியில் புல் வளராமல் பார்த்துக்கொள்ள ஆளும்தான் சிறு விவசாயியிடம் இல்லை.

தனித்தனியாக வேலி போட்டால் பன்றி பக்கத்து வயலுக்குப் போகும், அவ்வளவுதான். பத்துப் பேர் சேர்ந்து ஒரே வேலியாகப் போட்டால் செலவும் குறையும், பராமரிப்பும் பங்காகும். ஏரிப் பாசனத்தில் மடை முறை வைத்துத் தண்ணீர் பிரித்துக்கொண்ட ஊர்களுக்கு இது ஒன்றும் புதிய வித்தை இல்லை.

என்ன கேட்க வேண்டும்?

ஜெர்மன் சட்டத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து நம் ஊரில் வைக்க முடியாது. வேட்டைக் குத்தகை நமக்குப் பொருந்தாது, வேண்டவும் வேண்டாம். ஆனால் அதன் அடிப்படைக் கணக்கைக் கொண்டுவரலாம்: விலங்கின் மேல் அதிகாரம் யாருக்கோ, அது செய்யும் சேதத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்பும் அவருக்கே.

அப்படிப் பார்த்தால் நாம் கேட்க வேண்டியது மூன்று. ஒன்று, சேதப் புகாருக்கு ஒரே இடம், வயலுக்கு வந்து அளக்க ஒரு கெடு, பணம் போட ஒரு கெடு. கெடு தவறினால் காரணம் எழுத்தில் வர வேண்டும். இரண்டு, காப்பீட்டுக்கான விலங்குப் பட்டியலிலும் பகுதிப் பட்டியலிலும் காட்டுப்பன்றியும் அது அட்டகாசம் செய்யும் ஊர்களும் விடாமல் இருக்க வேண்டும், உழுபவர் பெயரிலேயே பணம் போக வேண்டும். மூன்று, கூட்டு வேலிக்கு மானியம். துப்பாக்கி அதற்குப் பிறகு. சுட்டால் எந்த ஊரில் எத்தனை சுட்டார்கள், அதற்குப் பிறகு அங்கே சேதப் புகார் குறைந்ததா என்ற கணக்கை வருஷா வருஷம் வெளியிட வேண்டும். அந்தக் கணக்கு இல்லாமல் சுடுவது பலன் தருகிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் பேசினேன். வரும் ஆடியில் திரும்ப மக்காச்சோளம்தான் போடப் போகிறாராம். "வேற என்ன போடறது? கடலை போட்டா அதையும் தோண்டிரும்" என்றார். பக்கத்து வயல்காரர்கள் ஆறு பேரிடம் கூட்டு வேலி பற்றிப் பேசியிருக்கிறார். நாலு பேர் சரி என்று சொல்லியிருக்கிறார்களாம், இரண்டு பேர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். சூரியசக்திப் பெட்டிக்கு என் பங்காக ஒரு தொகை அனுப்பியிருக்கிறேன். அரசாங்கத்துக்கு எழுத வேண்டிய மனுவையும் இந்தத் தடவை நாங்கள் இருவரும் சேர்ந்து, விதைப்பதற்கு முன்னாலேயே எழுதிவிட்டோம்.